கொப்பியில் அவருக்கு வைத்த பெயர்

லண்டனில், பிளேஸ்டோவில், எங்கள் கட்டடத்தில் கஞ்சா மணம் மேல் வீட்டிலிருந்துதான் வந்தது. அங்கே வங்கியில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதியபோது வீட்டு இலக்கத்தைத் தெளிவாகவே குறித்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர் வந்து கட்டட வாசலில் நின்றார்கள். சமையலறை யன்னலால் பார்த்து, கட்டடத்தில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் கொப்பியில் வழக்கம்போல நேரம் போட்டு எழுதினேன். நாலு பத்துக்கு அந்த மேல் வீட்டுக்காரன் இறங்கி வந்தான். மணம் யன்னல்வரை வந்தது. ஒரு பொலிஸ்காரர் அவனுக்குக் கதவைப் பிடித்துவிட்டார். நாலு இருபத்தைந்துக்கு எங்கள் கீழ் வீட்டு பஸ் சாரதி ஷிப்ட் முடிந்து வந்தார். அவர் கறுப்பினத்தவர். மணக்கிறது என்று சொல்லி அவரைச் சுவரோடு நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றவைத்து, சாப்பாட்டுப் பெட்டியையும் கிளறினார்கள். சட்டைப்பையில் நகத்தளவு கஞ்சா இருந்தது.

அடுத்த கிழமை அவர் என் கதவைத் தட்டினார். வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள், விசாரணை வருகிறது என்றார். தன்னிடம் இருந்ததை அவர் மறுக்கவில்லை. மற்றவனை விட்டுத் தன்னை மட்டும் மறித்ததற்குச் சாட்சியாக, அன்றைக்கே எழுதிய குறிப்பு இருந்தால் உதவும் என்று வழக்கறிஞர் சொன்னாராம்.

தேடித் தருகிறேன் என்று உள்ளே வந்து பக்கத்தை எடுத்தேன். மனைவி தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"இதைக் குடுத்தால் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பாங்கள். அந்தாளை என்னெண்டு எழுதி வைச்சிருக்கிறியள் எண்டு பாருங்கோ."

'கறுவல்' என்று இருந்தது. எங்கள் ஆட்கள் கறுப்பினத்தவரை முதுகுக்குப் பின்னால் சொல்லும் சொல். மூன்று வருடமாக எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். மாறி வந்த கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"நீங்களும் பெரிய வெள்ளைதானே" என்று சிரித்தாள். பிறகு, எழுதவில்லை என்று சொல்லிவிடச் சொன்னாள்.

வாசலுக்குப் போய் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை என்றேன்.

"அங்கிள், மழை தூறினாலும் எழுதுவேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

எழுதவில்லை என்றே திரும்பவும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துப் படியில் கண்டபோது வேலை போய்விட்டது என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கொப்பியைத் திறந்து நேரத்தைப் போட்டேன். பெயரை எழுதலாம் என்று பேனையை வைத்தேன். 'கறுவலுக்கு வேலை போச்சு' என்றுதான் எழுதினேன்.