எண்ணெய் குடித்த உத்திரம்

உரிந்தது. வெள்ளைக்காரத் துரையின் பேனாக்கத்தி முனையில், வாழைப்பழத் தோல்போல, சிவப்புச் சாயம் முழ நீளத்துக்கு உரிந்து தொங்கியது. அடியில் இரும்பு பளபளவென்று மினுங்கியது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மினுக்கம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மலாயாவின் ஜொகூரில் ஆற்றின்மேல் ரயில் பாலம். அதன் புது உத்திரங்களுக்குச் சாயம் பூசும் கூட்டத்தில் நானும் என் தங்கை புருஷனும் ஜோடி. துருவையும் கருநீலச் செதிளையும் கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இரும்பை வெள்ளிபோல் வெளுக்க வைப்பான் மச்சான். வெளுத்த அன்றைக்கே நான் பூசிவிட வேண்டும்.

ஒரு மாலை சாயம் தீர்ந்துபோனது. தேய்த்த உத்திரம் அம்மணமாய் நின்றது. ஆற்றுக்காற்றில் விடிவதற்குள் துருவேறிவிடும். மனசு கேட்கவில்லை. அதற்குமுன் நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். கத்திக்கு எண்ணெய் தடவாமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. மச்சான் கிளம்பிப் போனபின், தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து, உத்திரம் முழுக்க, ஆசையாய், தடவினேன். காலையில் ஒரு பொட்டுத் துரு இல்லை. புதுச் சாயம் வந்ததும் அதன்மேலேயே பூசினேன்.

பத்தாம் நாள் துரை வந்தார். உரித்தார்.

"எவன்டா இத சுரண்டுனது?" வேலைக்கூட்டத்தின் தலைவரான மண்டோர் கத்தினார்.

"நாந்தாங்க," என்றான் மச்சான்.

"சுரண்டுனியா, தடவிக் குடுத்தியா? அலமாக்! பேர வெட்டச் சொல்லிட்டாரு தொர. கெளம்பு லா."

வேலை போனால் லயத்து வீடும் போகும். தங்கைக்கு ஏழாம் மாசம். மச்சான் கம்பித் தூரிகையைக் கீழே வைத்தான். எண்ணெய்மேல் சாயம் ஒட்டாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெடுத்தது என் கையா? காப்பாற்றத்தானே தடவினேன்?

"மண்டோரய்யா, நாந்தான்... எண்ண தடவுனேன். துருப்பிடிக்கக் கூடாதுன்னு."

"பாலத்துக்கு எண்ணத் தலைமுழுக்கா? சீயக்கா எங்கடா?"

கூட்டமே சிரித்தது. மண்டோர் துரைக்கு மலாயில் விளக்கிச் சொன்னார். துரை சிரிக்கவில்லை. மச்சான் பேர் தப்பியது. என் பேர் போனது.

சாமானைக் கட்டும்போது மச்சான் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ பூசும்போதே எண்ண வாசம் வந்துச்சு மச்சான்."

திடுக்கிட்டுப் போனேன். "ஏன்யா சொல்லல?"

"ஒன் தலை வாசம்னு நெனச்சிட்டேன்."

மூட்டையோடு பாலத்தைக் கடந்தேன். கீழே சாரக்கட்டில் அவன் எண்ணெய் போகச் சலவைச் சோடாத் தண்ணீர் ஊற்றி, நான் தடவிய அதே இடத்தை, கம்பித் தூரிகையால் பிறாண்டிக்கொண்டிருந்தான். அந்தக் கரகரப்பு அக்கரைவரை கூடவே வந்தது.