ஈயக் கொட்டகையும் அடுத்த கொட்டகையும்

வேலையிடத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் ஊஞ்சல். ஒரு கொட்டகையில் நிலைக்காமல் இங்கும் அங்கும் போய்வந்ததால் அந்தப் பெயர். பெயர் வைத்தவர்களும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் ஆலை அது. ஒரு கொட்டகையில் வண்டி பேட்டரிகளைப் பிளந்து ஈயத் தகடுகளை உலையில் போடுவார்கள். சுவரை ஒட்டிய அடுத்த கொட்டகையில் சின்ன பேட்டரிகள், அவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஈயத்தைப் பார்ப்பார்கள். அனுமதித்த அளவுக் கோட்டை நெருங்கியவனை அடுத்த கொட்டகைக்கு மாற்றுவார்கள். அங்கே சிறுநீரை எடுத்துக் காட்மியத்தைப் பார்ப்பார்கள். அது கோட்டை நெருங்கினால் மறுபடி ஈயத்துக்கு. இந்த மாற்றலைத் தொழிலாளிகள் ‘ஓய்வு’ என்றார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

பதினெட்டு வருஷம் ஊஞ்சல் இப்படி ஓய்வெடுத்தான். ஒரு காகிதத்திலும் அவன் கோட்டைத் தாண்டவில்லை. அதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. அத்தனை காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான்.

அவனுக்கென்று இருந்தது அக்காள் ஒருத்திதான். தையல்காரி. அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். சர்க்கரை வியாதி அவள் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடந்தாள். இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"ஒண்ணை எடுத்துக்கோக்கா. எனக்கு எதுக்கு ரெண்டு? உடம்பு கல்லு மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

முதல் சோதனையில் ரத்தம் பொருந்தியது. அன்று அக்காள் ஓவென்று அழுதாள், சந்தோஷத்தில்.

ஆனால் அவள் கண் குருடில்லை. இரண்டு வருஷமாகவே அவன் அடுப்பை அணைக்காமல் போய்விடுவான். கைகழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பான். பொத்தான் தைக்கும்போது ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியது. கோபத்தில் ஊசி டப்பாவையே சுவரில் வீசினான். சாதுவான பிள்ளை அவன்.

"வேலை அசதிக்கா" என்றான்.

"ஆமாடா, அசதிதான்" என்றாள் அவள். டாக்டரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கிளறுவார்கள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும். அவளுக்கு உயிர் மேல் ஆசை இருந்தது. அது தப்பா என்று கேட்டால் நான் என்ன சொல்ல.

அடுத்த கட்டச் சோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டார். அவன் பெருமையோடு நீட்டிய உறையிலிருந்த காகிதங்களை மேசைமேல் இரண்டு வரிசையாகப் பரப்பினார்.

"தனித்தனியாப் பார்த்தா எல்லாமே சரியா இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு யாரும் படிக்கலை" என்றார். "ஈயம் எலும்புல உக்காந்திருக்கு. காட்மியம் கிட்னியில. ஒண்ணு ஆரம்பிச்சதை இன்னொண்ணு வளர்த்திருக்கு. இவர் கிட்னி ரெண்டுமே கெட்டுக்கிட்டிருக்கு. கொடுக்க முடியாதும்மா. ஞாபக மறதி, கோபம், கை நடுக்கம் ஏதாவது இருந்துச்சா?"

அக்காள் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு குறையும் இல்லை! காகிதத்தைப் பாருங்க!" என்று தம்பி கத்தினான். பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடுக்கா" என்று தேம்பினான்.

அந்த ஆலைப்பக்கமே இனி தலைவைக்கக் கூடாது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள் காலை, அக்காள் வீட்டு வாசலில் தம்பி குளித்துத் தலைசீவி நின்றான். கையில் பை, பைக்குள் துண்டும் இரண்டு சட்டையும்.

"இன்னும் கிளம்பலையா நீ? ஆபரேஷனுக்கு நாள் குறிக்க இன்னிக்குத்தானே வரச் சொன்னாங்க? தண்ணிகூடக் குடிக்காம வந்திருக்கேன்."

அவனை உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சில் அன்று எப்படி இடிந்தானோ அப்படியே இடிந்துபோனான். அவனுக்கு அது இப்போதுதான் நடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நான் இப்படி ஆயிட்டிருக்கேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்டா. ரெண்டு வருஷமாத் தெரியும். உன் கிட்னி வேணும்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

நாளைக்குள் மறந்துவிடுவான் என்ற தைரியத்தில்தான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது.