கதவு மூடிய ரயிலில் ஓரகத்தி

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்றுதான் அந்தத் தையல்காரியைத் தெருவில் சொல்வார்கள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துவிடுவாள். எதிரில் இருப்பவர் கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

அவளுக்குப் பள்ளிச் சீருடைகள் தைக்கும் வேலை ஒன்று கிடைத்தது. பொத்தானும் லைனிங் துணியும் பெருநகரத்து மொத்தக் கடைகளில்தான் மலிவு. மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்று ஓரகத்தியைக் கூப்பிட்டாள். கணவனுடைய அண்ணன் மனைவி. ஒரே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். இவள் புயல் என்றால் அவள் கிணற்றுத் தண்ணீர். பெருநகரத்தை அவள் பார்த்ததே இல்லை.

"அதுக்கென்னக்கா, ஒரே நாள்ல மொத்த ஊரையும் காட்டிடறேன்" என்றாள் தையல்காரி.

காட்டினாள். முதல் ரயிலில் போய் இறங்கியதும் பொத்தான் கடை. கடைக்காரர் டப்பாவைத் திறக்கும்போதே "இது வேணாம், அடுத்தது" என்றாள். துணி வாங்கி மூட்டை கட்டியதும் அருங்காட்சியகம். ஓரகத்தி பழைய மண்பானை ஒன்றின் முன் நின்று, அதன் வாய் ஏன் அவ்வளவு குறுகல் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள் தையல்காரி.

"பானைதானே! நம்ம வீட்டுலயே இருக்கு. வாங்கக்கா, மணி ஆகுது."

வழியில் ஓரகத்தி பாலத்தையும் பறவையையும் படமெடுக்க நின்று நின்று வந்ததால், "இங்க குடுங்க, அப்புறம் எடுக்கலாம்" என்று போனையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சாப்பாடு நின்றபடியே முடிந்தது. அடுத்து கடற்கரை, அதன்பின் உயரமான கட்டடம், மாலை ரயில் என்பது அவள் திட்டம்.

மெட்ரோ நிலையத்தில் வண்டி வந்து நின்றது. "ஏறுங்க, ஏறுங்க!" என்று ஓரகத்தியை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அப்போதுதான் துணி மூட்டை பெஞ்சிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்துத் திரும்பினாள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஓரகத்தி கையசைத்தாள். வழியனுப்ப வந்தவளைப் பார்த்து அசைப்பதுபோல.

தையல்காரி தன் பையைத் தொட்டுப் பார்த்தாள். போனும் தன்னிடம், காசும் தன்னிடம். அடுத்த வண்டியில் பாய்ந்து ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினாள். இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒருவேளை திரும்பிப் போயிருப்பாளோ என்று எதிர்வண்டியில் ஏறிப் பழைய இடத்துக்கே வந்தாள். அங்கும் இல்லை. மறுபடி ஓடப் போனவளை நிலையக் காவலர் நிறுத்தி, விஷயத்தைக் கேட்டு, போனில் தகவல் சொன்னார்.

"எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லியாச்சும்மா. ரெண்டு பேருமே சுத்திக்கிட்டிருந்தா எங்கேர்ந்து கிடைப்பீங்க? ஒருத்தராவது ஒரு இடத்துல உக்காருங்க."

உட்கார்ந்தாள். அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு இல்லை. வண்டி வரும்போதெல்லாம் எழுந்தாள், போனதும் உட்கார்ந்தாள். பையைத் திறந்து பொத்தான்களை எண்ணப் பார்த்தாள், எண்ணிக்கை தப்பியது. அக்காவுக்குப் பசிக்குமோ? அழுவாளோ? மச்சினரிடம் என்ன முகத்தைக் காட்டுவது? இந்த ஊரில் என்ன பார்க்க ஆசை என்று அக்காவிடம் தான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை என்பதும் அந்த பெஞ்சில்தான் உறைத்தது. உறைத்த வேகத்தில் மறுபடி எழுந்து நின்றாள்.

வெகுநேரம் கழித்து எதிர்ப்பக்க நடைமேடையில் ஒரு வண்டி நின்றது. அதிலிருந்து ஓரகத்தி இறங்கினாள். முந்தானை கலையவில்லை. முகத்தில் ஒரு தெளிச்சல்.

"எங்கக்கா போனீங்க! உயிரே போயிடுச்சு எனக்கு!"

"எங்கயும் போகலையே. ஜன்னலோரம் இடம் கிடைச்சுது, உக்கார்ந்தேன். கடைசி ஸ்டேஷன்ல எல்லாரும் இறங்கினாங்க, நானும் இறங்கி எதிர்வண்டியில ஏறிட்டேன். நீ எப்படியும் இங்கதான் இருப்பேன்னு தெரியும்."

"பயமா இல்லையா?"

"எதுக்கு? ஒரு பாலம் வந்துது பாரு, ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல வண்டி. கப்பல்கூட நின்னுது." ஓரகத்தி மூட்டையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "தப்பா நினைச்சுக்காதே. நீ இல்லாதப்பதான் நான் ஊரைப் பார்த்தேன்."

தையல்காரிக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. எதையும் முழுசாகச் செய்ய நேரமில்லை. ரயிலுக்கு ஓடினார்கள். அந்த ரயிலையும் விட்டு, அடுத்ததில் மூட்டைமேல் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

"என்ன பார்த்தீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். தையல்காரி வழக்கம்போல முந்திக்கொண்டு கடை, அருங்காட்சியகம் என்று விரல்மடக்கினாள். இரண்டாவது விரலோடு சரக்கு தீர்ந்துவிட்டது. ஓரகத்தி மெதுவாக ஆரம்பித்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அசையவில்லை.

அங்கே இருப்புக்கொள்ளாமல் தையல்காரி உள்ளறைக்குப் போய் லைனிங் துணியை மேஜையில் விரித்து, கத்தரியைக் கையில் எடுத்தாள். இரண்டு வெட்டு வெட்டினாள். காது மட்டும் கூடத்திலேயே இருந்தது. ஓரகத்தி மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள்.

"பாலத்துக்கு அப்புறம் என்னக்கா?" என்று உள்ளிருந்து கத்தினாள். "சீக்கிரம் சொல்லுங்களேன்!"