பேட்ஜ் அக்காவும் இரண்டு நிபுணர்களும்

மாநாட்டு மண்டபத்தில் எல்லோருக்கும் அவள் பேட்ஜ் அக்கா. கூட்டத்துக்கு வருகிறவர்களின் கழுத்தில் தொங்கும் அட்டையை அடித்துக் கொடுப்பது பதினான்கு வருஷமாக அவள் வேலை. பல் மருத்துவர்கள், குழாய் வியாபாரிகள், கணக்கு வாத்தியார்கள், யாராக இருந்தாலும் முதலில் அவள் மேஜைக்குத்தான் வந்தாக வேண்டும். நிகழ்ச்சிகளை நடத்தவென்று மண்டபம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியபோது, கூட வந்த தடிப் புத்தகத்தை ஒருவரும் சீண்டவில்லை. அவள்தான் வீட்டுக்குத் தூக்கிப்போய், அடுப்படி மேடையில் சாய்த்து வைத்து, மாவுக் கையோடு பக்கம் புரட்டிக் கற்றுக்கொண்டாள்.

மேலாளர் மேல் அவளுக்கிருந்த மரியாதை ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டதைத் தவிர அந்த மனிதர் உருப்படியாக எதையும் செய்ததாகத் தகவல் இல்லை. முதுகுக்குப் பின்னால் அவர் எல்லோருக்கும் மாப்பிள்ளை. கையில் ஒரு ஃபைலோடு, எங்கோ தீப்பிடித்த மாதிரி விறுவிறுவென்று நடப்பார். பின்னாலேயே போய்ப் பார்த்தால் கேன்டீனில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலை புரொஜக்டர் வேலை செய்யவில்லை என்று அவளைக் கூப்பிட்டார். வயரைச் செருகியதும் சுவரில் படம் விழுந்தது. இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலையில் ‘வெளி நிபுணர்கள்’ என்று எழுதி, கீழே பதினொரு நல்ல குணங்கள். இன்னொன்றில் ‘நம் ஊழியர்கள்’. அதன் கீழே மூன்றே வரி: பழைய முறை, மெதுவான வேலை, மாற்றத்தை விரும்பாதவர்கள். பதிவு மேஜையைப் பற்றிய படம் அது. அங்கே ஊழியர்கள் என்றால் அவள் ஒருத்திதான். பன்மை மட்டும் தாராளமாகப் போட்டிருந்தார்.

“தெளிவா தெரியுதாம்மா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“நல்லாவே தெரியுது சார்,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரமே நிபுணர்கள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒரு தாடிக்காரர், கண்ணாடி போட்ட ஒரு பெண். தாடிக்காரர் பேசுவார், கண்ணாடிக்காரி தட்டச்சு செய்வாள். ஒன்பது நாள் அவள் மேஜை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் என்ன செய்வீர்கள்? பதிவே பண்ணாமல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரும் சங்கத் தலைவரை எப்படிச் சமாளிப்பீர்கள்? மழை நாளில் இரண்டாவது பிரிண்டர் ஏன் சிக்குகிறது? இதுகூடத் தெரியாமல் நிபுணராம், என்று மனதுக்குள் காறித் துப்பினாள். ஆனால் எதையும் மறைக்கவில்லை. இவர்கள் மண்டையில் எங்கே ஏறப்போகிறது என்ற இளக்காரத்தில் அத்தனையையும் கொட்டினாள்.

தலையணை கனத்துக்கு ஒரு அறிக்கை வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு நாள் விறுவிறுவென்று நடந்தார். ஐந்தாம் நாள் அவளைக் கூப்பிட்டார்.

“இனிமே நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்கங்க. சேர், டேபிள் எல்லாம் உங்க பொறுப்பு. ஒரு ப்ரமோஷன் மாதிரி நெனச்சுக்கங்க.”

“நெனச்சுக்கறேன் சார்.”

நிபுணர்களே கட்டி, அவர்களே மேஜையில் இருந்து ஓட்டிய புது ஏற்பாட்டில் முதல் கூட்டம் கண் மருத்துவர்களுடையது. மூன்று நாள், ஆயிரத்து எண்ணூறு பேர். முதல் நாள் காலை ஸ்டோர் ரூம் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, வாசலில் கூச்சல் எழும் என்று காத்திருந்தாள். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. கூச்சலையே காணோம். பொறுக்கமாட்டாமல் எழுந்து போய்ப் பார்த்தாள். வரிசை தண்ணீர் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. போனைக் காட்டினால் அட்டை வந்து விழுந்தது. ஒரே பெயர் கொண்ட இரண்டு டாக்டர்களும் தத்தம் அட்டையோடு சிரித்துக்கொண்டு போனார்கள். சொன்னதெல்லாம் அந்த மண்டைகளில் ஏறித்தான் இருந்தது. நாசமாகப் போகட்டும் என்றா இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கண்ணாடிக்காரி அவளைத் தேடிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கே வந்துவிட்டாள்.

“அக்கா, நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“சேர் எண்ணிட்டிருக்கேன்.”

“ரிப்போர்ட்ல கடைசிப் பக்கம் பூரா உங்களப் பத்தித்தானே எழுதியிருந்தோம்? சிஸ்டத்த நாங்க கட்டிக் குடுத்துருவோம், ஆனா தினமும் ஓட்ட உள்ளயே ஒரு ஆள் வேணும், அது நீங்கதான், இல்லேன்னா இதுல இறங்கவே வேணாம்னு எழுதினோமே! இன்னிக்கு சாயங்காலம் நாங்க கெளம்பறோம். நாளைக்கு யாரு பாப்பாங்க?”

பேட்ஜ் அக்கா சட்டென்று எழுந்தாள். நேரே மாப்பிள்ளையின் அறைக்குப் போனாள்.

“சார், அந்த ரிப்போர்ட்ட முழுசா படிச்சீங்களா?”

“பின்னே? வரிக்கு வரி.”

“கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு சார்?”

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். “கடைசிப் பக்கத்துல… நன்றின்னு போட்டிருக்காங்க.”

அறிக்கை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவருடைய கம்ப்யூட்டர் திரை அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. உயரத்துக்காக முட்டுக் கொடுத்திருந்தார். ஒரு கையால் திரையைத் தூக்கி, இன்னொரு கையால் அறிக்கையை உருவினாள். கடைசிப் பக்கங்கள் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்து, வாசலில் பெயர் கூப்பிடும் அதே குரலில் வாசித்தாள். வராந்தாவில் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

வாசித்து முடித்ததும் மாப்பிள்ளை, “இதத்தான் நானும் சொல்ல வந்தேன்,” என்றார்.

திட்டிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் திட்டுவதற்கான வார்த்தைகளை வீணடிக்க மனம் வரவில்லை. மேஜை மறுபடி தன்னிடம் வரவேண்டும், துணைக்கு இரண்டு பேர் வேண்டும், வெளி ஆட்களை எதற்குக் கூப்பிடுவது என்பதைத் தான்தான் சொல்ல வேண்டும், அடுத்த கூட்டத்துக்கு வயர் செருக வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆயிரத்து எண்ணூறு டாக்டர்கள் வாசலில் நிற்பார்கள் என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

அவள் அன்று சாயங்காலம் வரை கண்ணாடிக்காரியோடு உட்கார்ந்து புதிய முறையைப் பழகிக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண். அதை அவளிடமே சொல்லவும் செய்தாள். மூன்றாம் நாளும் வரிசை நிற்காமல் நகர்ந்தது. மாதக் கடைசியில் முதலாளி முன்னால், பாதி வேலை நம் ஆள், பாதி வேலை வெளி நிபுணர் என்பதுதான் சிறந்த வழி என்று தான் கண்டுபிடித்திருப்பதாக மாப்பிள்ளை அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேட்ஜ் அக்காவும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே இதைச் சொன்னபோது அவள் கணவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட் மெக்கானிக். சுளீரென்று பேசுகிற மனிதர்.

“எழுந்து நின்னு நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டியதுதானே?”

“கேட்டா உறைக்கிற ஆளாயிருந்தா கேட்டிருப்பேங்க,” என்று சொல்லிவிட்டு, அவர் சட்டையை உதறி மடித்தாள்.