பேஸ் ஆம்புக்குப் புதுத் தலை

குன்னூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மூன்றாவது பாட்டின் நடுவில் என் பேஸ் கிதார் ஊமையாகிவிட்டது. கம்பி அதிர்வது விரலுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஆம்ப்ளிஃபயரின் விளக்கு அணைந்திருந்தது. அதன் பின்பக்கத் துளைகளிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

"தல போயி, மோளே," என்றார் எங்கள் டிரம்மர், கையை நிறுத்தாமலே.

அந்த ஆம்ப்ளிஃபயரை எங்கள் வட்டாரத்தில் ஹெட் என்போம். ஸ்பீக்கர் பெட்டி உடம்பு, இது தலை. டிரம்மருக்குத் தேவர்சோலை, வீட்டில் மலையாளம். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். என்னை மகளே என்பது போல மோளே என்பார், நான் அண்ணன் என்று சேட்டா என்பேன். நாலு பேர் கொண்ட எங்கள் குழுவில் அவர்தான் மூத்தவர், அடியிலும் வேகமானவர்.

அன்றைக்கு மிச்சப் பாட்டுகளுக்கு கிதாரை நேராக மிக்ஸரில் சொருகி வாசித்தேன். கூட்டத்துக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டியது போலத்தான் இருந்தது.

மறுநாள் ஊட்டியில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுபோச்சுங்க. புதுசா சுத்தி வாங்கணும்னா ஒரு மாசம் ஆகும்."

தேவர்சோலையில் ஒரு விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். ஆனால் கடையை விட்டு இறங்கும்போது சிரிப்புத்தான் வந்தது. எரிந்துபோன அந்த ஹெட் நான் தேர்ந்தெடுத்தது இல்லை. கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்ந்து வந்தது. பதினோரு வருஷம் அதன் குரலையே என் குரல் என்று நினைத்து வாசித்துவிட்டேன். இப்போதுதான் முதல்முறையாக எனக்கென்று ஒரு குரலைக் கேட்டு வாங்கப் போகிறேன்!

எங்கள் ஊர் பஜாரில் எங்களுக்கு எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. என் அப்பாவை அத்தா என்பேன்; அத்தாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். அந்த வாரம் முழுக்கக் கல்லாவுக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, ஹெட்டுகளை வாசித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தேன். பல்ப் ஹோல்டர் கேட்டவருக்கு ஃபியூஸ் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, நீ போயி அதை வாங்கிட்டே வந்துரு. இல்லீனா இருக்கற வாடிக்கையும் போயிரும்," என்றார். பிறகு அலமாரியைக் காட்டி, "அப்படியே ஒரு ஸ்டெபிலைசரும் எடுத்துக்க. விழாவுல கரண்டு எப்படி இருக்குமோ."

"அத்தா, அது ஆம்ப்ளிஃபயரை விடக் கனமுங்க."

சொல்லிவிட்டு நானே யோசித்தேன். வீடியோக்களில் வாசிப்பவர்களெல்லாம் கம்பளம் விரித்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வாசிப்பது ஜெனரேட்டரில். சாயங்காலம் ஆனால் எங்கள் பக்கம் மின்சாரம் எவ்வளவு இறங்கும் என்று தினமும் ஸ்டெபிலைசர் விற்கிற எனக்குத் தெரியாதா? வாங்குவதை அந்த மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் சேட்டாவும் நானும் கோயமுத்தூருக்கு இறங்கினோம். முதுகில் கிதார். என் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்க எழுத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன். பெட்டிக்குப் பொருந்தாத ஹெட்டை வாங்கினால் இரண்டும் கெடும்.

இசைக்கருவிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி என் தலைமுக்காட்டைப் பார்த்தார், கிதார் உறையைப் பார்த்தார். "பையனுக்குங்களாக்கா?"

"எனக்குத்தானுங்க."

ஒரு நொடி தடுமாறியவர், படத்தைப் பார்த்ததும் சுறுசுறுப்பானார். என் பெட்டிக்கு ஒத்த பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டார். அதன் மேல் முதலில் ஏறியது, பழைய ரேடியோவில் இருப்பது போல வால்வு வைத்த பெரிய ஹெட். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. சூடாகும் வரை காத்திருந்து, அடிக்கம்பியை ஒரே ஒரு முறை மீட்டினேன். சத்தம் தரை வழியாக வந்து முழங்காலில் ஏறியது. இரண்டாவது சுரத்துக்குள் அது எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது.

"வாயை மூடு மோளே, ஈ பூந்துரும்," என்று சிரித்தார் சேட்டா.

அடுத்தது சின்னது. நாலு பாடப்புத்தகத்தை அடுக்கிய அளவு. தம்பி ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாசித்தேன். சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். பெரியது பாடிய பிறகு இது பேசியது போல இருந்தது. என் முகம் வாடியதை சேட்டா பார்த்திருக்க வேண்டும். நேராகப் போய், கடையில் காட்சிக்கு வைத்திருந்த டிரம்ஸில் உட்கார்ந்தார்.

"தனியா கேட்டா போதாது. நம்ம கல்யாணப் பாட்டு எடு."

எடுத்தேன். அவர் அடித்த அடியில் கடையின் கண்ணாடிக் கதவு நடுங்கியது. அந்த இரைச்சலுக்குள் சின்ன ஹெட்டிலிருந்து என் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நின்றது! பெரியதற்கு மாற்றி அதே பாட்டை வாசித்தோம். அடிக்கம்பி, டிரம்மின் பெரிய உருளையோடு குழைந்துவிட்டது. திருகுகளைத் திருப்பிச் சரி செய்ததும் நன்றாகவே வந்தது. மனசு மறுபடியும் அதன் பக்கம் போனது. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார்.

நான் தம்பியிடம் கேட்டேன். "ஏனுங்க தம்பி, வோல்ட்டேஜ் கொறைச்சுக் காட்ட முடியுங்களா?"

"எதுக்குங்கக்கா?"

"நாங்க வாசிக்கறது மலையிலீங்க. அங்க கரண்டு இப்படித்தான் வரும்."

பின்னால் பழுது பார்க்கும் அறையில், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த கனமான பெட்டி ஒன்று இருந்தது. அதிலேயே ஒரு குண்டு பல்பையும் மாட்டச் சொன்னேன். தம்பி மெல்லத் திருகினார். இருநூறு வோல்ட்டில் இரண்டு ஹெட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நூற்றெண்பதில் பல்பு மஞ்சளானது, பெரிய ஹெட் சோர்ந்தது. நூற்றறுபதில் அதன் சத்தம் நனைந்த கம்பளி போலத் தொய்ந்துவிட்டது. சின்னதை மாட்டினோம். நூற்றெண்பது, நூற்றறுபது, நூற்றைம்பது. பல்பின் கம்பி செக்கச் செவேலென்று தெரிந்தது. ஹெட் அசையவே இல்லை. அதே சுரம், அதே தெளிவு.

"அக்கா, நாங்களே இதை இப்படி ஓட்டிப் பார்த்ததில்லீங்க!" தம்பிக்கு என்னைவிடச் சந்தோஷம். நூற்று நாற்பதுக்கும் இறக்கினார். வாசித்தது.

"இதே போதும்," என்றேன். சொன்ன பிறகும் பெரியதை இன்னொரு முறை மின்சாரம் சரியாக இருக்கும்போது வாசித்துவிட்டு வந்தேன். அது என் ஊருக்கு வராது. ஆனால் அதன் மேல் எந்தக் குறையும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் புது ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டு விழா நாளன்று நாலு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. தோட்டத்துக் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டில் யாரோ ஜெனரேட்டரில் பெரிய மின்சார அடுப்பை மாட்டியிருக்கிறார்கள். சீரியல் பல்புகள் எல்லாம் ஒரேயடியாக மங்கின. சேட்டா என்னைப் பார்த்தார். நான் அடிக்கம்பியை அழுத்தி மீட்டினேன். கெண்டைக்காலில் வந்து மோதியது சத்தம். சேட்டா ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, "அடி மோளே!" என்று கத்தினார்.

அதற்கு மேல் அன்றைக்கு எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஒரு பாட்டுக்குப் பெண்கள் எழுந்து வட்டமாக ஆடத் தொடங்கினார்கள். முடித்தால் விடவில்லை. "இன்னொருக்கா! அதே பாட்டு!" இரண்டாவது முறையும் முடித்தோம். மறுபடி அதே கூச்சல். பாடகர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார், கீபோர்டுக்காரர் கையை உதறிக்கொண்டிருந்தார். யாருக்கும் காத்திருக்காமல் நான் தனியாகத் தொடங்கினேன். பேஸ் மட்டும். இதுவரை எந்த மேடையிலும் நான் அப்படித் தொடங்கியதில்லை. இரண்டாவது சுற்றில் மைதானம் முழுக்கக் கை தட்டல் தாளத்துக்குச் சேர்ந்துகொண்டது. மூன்றாவது சுற்றில் சேட்டா வந்து சேர்ந்தார்.