அவருடைய இடது கை

கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் இசை நிகழ்ச்சி ஒன்றுக்காக வாத்தியக்காரர் எங்கள் நாற்பது பேரையும் சேர்த்து வாசிக்க வைக்க, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். வலது கையில் எங்களை நடத்த ஒரு சிறு குச்சி. இடது கை எப்போதும் காற்சட்டைப் பைக்குள்தான். முப்பது வருடம் கச்சேரிகளில் வயலின் வாசித்த நான் அந்தக் குச்சிக்கு அடங்க வேண்டியதாயிற்று.

"தம்பி, நீர் என்ன வாத்தியம் வாசிக்கிறனீர்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"இப்ப ஒண்டும் இல்லை, அண்ணை" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எரிச்சலூட்டியது. அவருக்குக் காது இருக்கிறதா பார்ப்போம் என்று, எல்லாரும் அசையாமல் பிடிக்க வேண்டிய நீண்ட சுரத்தை நான் மட்டும் கமகம் போட்டு ஆட்டினேன். குச்சி நின்றது.

"அண்ணை, அதை இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன்.

"மற்ற ஆக்கள் அந்த இடத்திலை நிப்பாட்டுங்கோ. அண்ணை தனிய வாசிக்கட்டும்."

நிகழ்ச்சியன்று அந்த இடம் வந்ததும், இடது கை பையிலிருந்து வெளியே வந்து என்னை நோக்கி மெல்ல உயர்ந்தது. அன்று வாசித்ததுபோல் நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

கைதட்டல் எனக்குத்தான். ஆனாலும் வீட்டில் தனியே வாசிக்கும்போது, அந்தச் சுரம் வந்தால் என் கண் தானாக நிமிர்ந்து அந்தக் கையைத் தேடுகிறது. எதிரே சுவர்தான் இருக்கிறது. வில்லைக் கீழே வைத்துவிடுகிறேன்.