பட்டியலில் எட்டாவது பெயர்

மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்று அரசாங்கத்தில் ஒரு துறை உண்டு. பெயரைப் படித்துவிட்டு அது மதுவை விலக்குகிறது என்று நம்புகிறவர்களும் உண்டு. என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதியை அங்கே உட்கார்ந்து, மது விற்பதற்கான உரிமக் கோப்புகளைத் தயார் செய்வதில் கழித்தேன். பாருக்கு எத்தனை வழி இருக்க வேண்டும், உரிமத்தை எந்தச் சுவரில் மாட்ட வேண்டும், எந்தெந்த நாளில் பூட்ட வேண்டும் எல்லாம் மனப்பாடம். ஓய்வு பெற்றதும் இந்த ஞானத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருந்தபோதுதான் அந்த மேலாளர் அம்மா வந்து சேர்ந்தார்.

ஒரகடத்தில் அறைகளும், மாடியில் ஒரு பாரும், அதை ஒட்டி ஒரு சின்ன ஹாலும் கொண்ட ஓட்டலை அவர் நிர்வகித்து வந்தார். வடக்குப்பட்டுக்காரர். வரவேற்பு மேஜையில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, முதலாளி ஊரில் இல்லாத நாட்களில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கடைசியில் எல்லா நாளும் பார்த்துக்கொள்கிற நிலைக்கு வந்தவர். ஒரு கொரிய எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது பாட்டுப் பாடும் மிஷின் ஒன்றை ஓட்டலுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திரையில் வரிகள் ஓடும், வாத்தியம் வரும், மைக்கைப் பிடித்து யார் வேண்டுமானாலும் பாடலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கினால் கூட்டம் நின்றுகொண்டு கேட்கும். வாரம் முழுக்கத் தொழிற்சாலை லைனில் நின்று, ஓ.டி.யும் பார்த்தவர்கள் ஒரு சனிக்கிழமையில் நான்கு நிமிஷம் பாடகர்களாக இருப்பார்கள்.

குடிக்கும் இடத்தில் கேளிக்கையும் வைத்தால் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்குத் தனி நிபந்தனைகள். மேலாளர் அம்மா அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். ஆடக்கூடாது. நிகழ்ச்சி நடத்துபவர் வாடிக்கையாளருடன் உட்காரக்கூடாது. ஒலி வெளியே போகக்கூடாது. பதினான்காவது நிபந்தனைக்கு வந்தபோது அவர் நிறுத்தினார். நிகழ்ச்சியில் பங்கேற்கும் கலைஞர்களின் பெயர், தகப்பனார் பெயர், வயது, நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவற்றை முன்கூட்டியே காவல் நிலையத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

"கலைஞருன்னா யாரு சார்? எங்ககிட்ட மிஷின்தானே கீது. பாடறது கஸ்டமருங்கோ."

நல்ல கேள்வி. இதற்குச் சரியான பதில், விளக்கம் கோரி ஒரு கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும்வரை நிம்மதியாக இருப்பது. அரசாங்கம் பதில் எழுதியிருக்காது, எல்லாரும் சுகமாக இருந்திருப்பார்கள். ஆனால் எனக்கு வித்தை காட்ட ஒரு சந்தர்ப்பம். மேடையில் ஒலிபெருக்கி வழியே பாடுகிறவர் எவரோ அவரே கலைஞர், கூலி வாங்குகிறாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று விளக்கவுரை ஆற்றினேன். தவறாமல் பாடுகிறவர்களின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள், பிற்காலத்தில் யாரும் குறை சொல்ல முடியாது என்றேன்.

ஆதார் கேட்டால் வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். நடந்தது வேறு. இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களிடம் ஆதார் நகல் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட் பாஸுக்கு ஒன்று, ரூம் ஓனருக்கு ஒன்று, கான்ட்ராக்டருக்கு இரண்டு என்று கொடுத்துப் பழகி, பையில் மடித்த நகல் எப்போதும் தயாராக இருக்கும். பாட்டுக்கு ஒன்று என்றதும் எடுத்து நீட்டிவிட்டார்கள். பதினொரு பேர். ஒரு கொரியர் பாஸ்போர்ட் நகலே கொடுத்தார். அட்டவணையை நானே போட்டேன், முகப்புக் கடிதத்தையும் நானே எழுதினேன். நிகழ்ச்சிக் கலைஞர்கள் பட்டியல் என்று தலைப்பிட்டு அடிக்கோடும் இழுத்தேன்.

எட்டாவது பெயர் ஒரு திருநெல்வேலிப் பக்கத்துப் பையனுடையது. பையன் என்கிறேன், முப்பது வயது. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளர். சின்ன வயதிலிருந்து ஊர்க் கோயிலில், சர்ச்சைத்தான் அவர்கள் கோயில் என்பார்கள், பாடல்குழுவில் பாடியவன். இங்கே வந்தபின் பாடுவதற்கு இடமில்லாமல் போய், அந்த ஹாலைக் கண்டுபிடித்திருந்தான். நல்ல குரல். அவன் மைக்கைப் பிடித்தால் பாரில் இருப்பவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றுவிடுவார்கள். கிளாஸோடு பாரைத் தாண்டக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. அதை நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

அப்போது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர். ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். அவளுடைய அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், அவர்கள் கோயில் கமிட்டியிலும் இருக்கிறவர். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர், அதாவது அவர்களுடைய பாதிரியார், சபையாரைக் கேட்பார். முன்னறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கோரும் முறை. எனக்கு அதில் தொழில்முறையான மரியாதை உண்டு.

முதல் ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை, காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலர் பட்டியலைச் சரிபார்க்கக் கிளம்பினார். நான் போட்டுக் கொடுத்த முகவரிகள் அவ்வளவு துல்லியம், வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பையன் குடியிருந்த வீட்டு வாசலில் நின்று, பாரில் பாட்டுப் பாடுகிறவர் இங்கேதான் இருக்கிறாரா என்று வீட்டுக்காரரிடம் விசாரித்தார். வீட்டுக்காரர் பெண்ணின் அப்பாவுக்குப் பெரியப்பா மகன். அன்று மாலைக்குள் செய்தி ஏரிக்கரையை அடைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பெண்ணின் அப்பா ஐயரிடம் போய், இரண்டாவது ஓலையை இப்போதைக்கு வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவு பையன் என் வீட்டுக்கு வந்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஆதார் கேட்டிய, குடுத்தேன் சார். இப்ப நா கூத்தாடின்னு எழுதிக் குடுத்திருக்குங்காவ. போன வாரம் வரைக்கும் மாமா என்னைய மாப்ளன்னாவ. நேத்து போன்ல தம்பிங்காவ."

பதினான்காவது நிபந்தனையை அவனுக்கு விளக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போனேன். பழக்கதோஷத்தில் நிபந்தனைகளின் நகலையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். பெண்ணின் அப்பா காலை ஷிப்ட் முடித்து வந்து, யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லி, தவறு என்னுடையது என்று தொடங்கி, கலைஞர் என்ற சொல்லுக்கு நான் கொண்ட பொருளைச் சொல்லி, அவன் கூலி வாங்கிப் பாடுகிறவன் இல்லை, வாடிக்கையாளன்தான் என்று முடித்தேன். முடித்த பிறகுதான் அது இன்னும் மோசம் என்று உறைத்தது. பாரில் கூலிக்குப் பாடுகிறவன் என்பதைப் பாருக்குத் தவறாமல் வருகிறவன் என்று திருத்தியிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க படிச்சவரு சார். சட்டத்துல இன்னா கீதோ எனக்குத் தெரியாது. போலீஸ்காரன் வாசல்ல நின்னுகினு கேட்டுகிறான், தெரு பூரா பாத்துகினு இருந்துகிது. மூணாவது ஓலைல எவனாவது எயுந்து நின்னு ஒண்ணு கேட்டான்னா, எம்பொண்ணு மூஞ்ச எங்க வச்சிக்கும்?"

ஐயருக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரட்டுமா என்றேன். கடிதத்தால்தான் இவ்வளவும் வந்தது என்றார். அப்படியானால் நேரில் வந்து அந்த இடத்தைப் பாருங்கள் என்றேன். குடிக்கவில்லை என்று தினமும் காலையில் மிஷினில் ஊதிக் காட்டிவிட்டுப் பஸ்ஸை எடுக்கிறவன் நான், என்னைப் பாருக்குக் கூப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நியாயம்தான். அப்போதுதான் நாளை மே ஒன்றாம் தேதி என்பது நினைவுக்கு வந்தது. தொழிலாளர் தினம். கம்பெனிகளுக்கு விடுமுறை. மதுக்கடைகளையும் பார்களையும் பூட்ட வேண்டிய நாட்களில் ஒன்று.

நாளைக்கு அது பார் இல்லை என்றேன். சட்டப்படி வெறும் ஹால்.

அவர் யோசித்தார். உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த பெண்தான் முடிவு செய்தாள். "லீவுதானேப்பா. போலாம்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை என் முன்னால் கொஞ்சம் அழுத்தியே வைத்துவிட்டுப் போனாள். அவள் கோபம் என்மேல் மட்டுமில்லை என்று தோன்றியது.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். மேலாளர் அம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். பாரைப் பூட்டியிருந்தும் மனம் கேட்காமல், கண்ணாடி வழியாகத் தெரிந்த பாட்டில் அலமாரிகளை அறைகளின் படுக்கை விரிப்பால் மூடிவைத்திருந்தார். அது ஏதோ பிரேத விசாரணைபோல் இருந்தது. ஹாலெங்கும் பினாயில் வாசனை. பையன் ஒரு மூலையில், சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றான்.

பெண்ணின் அப்பா யாரையும் பார்க்காமல் நேரே சுவரிடம் போனார். அங்கே நிபந்தனைகளைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருந்தேன். என் அனுபவத்தில் அதை எந்த ஆய்வாளரும் முழுதாகப் படித்ததில்லை. இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். இருபத்தொரு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஆடக்கூடாது. ஆபாசம் கூடாது. கேமரா வேண்டும். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி, "எங்க கம்பெனி கேட்ல கூட இம்மாம் ரூல் இல்லியே" என்றார்.

மேலாளர் அம்மா அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இவுரு குடிக்கிறது எலுமிச்ச சோடா. அதுவும் ஒண்ணு. கூட்டமா வந்து நாலு டேபிள் பிடிச்சிகிறவங்கள்லாம் இவுரு பாட்டு கேக்கத்தான் வராங்கோ. இவுரு பாட்ட வச்சி எங்களுக்கு லாபம், இவுரு குடிக்கிறதால ஒரு லாபமும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். பெண் உட்காரவில்லை. பையனுக்கு எதிரே போய் நின்றாள்.

"இங்க வந்து பாடறத ஏன் என்கிட்ட சொல்லல?"

"பாரான்னு கேப்பிய. அதான்."

"கேட்டிருப்பேன். கேட்டுட்டு, கூட வந்திருப்பேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது தெரிந்தும், இவ்வளவு நாள் ஊராருக்குப் பதில் சொல்வதைப் பற்றியே நாங்கள் மூன்று பேரும் கவலைப்பட்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மேலாளர் அம்மா மிஷினைப் போட்டார். அவன் பாடினான். முதல் சரணத்தில் குரல் நடுங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. பூட்டிய பாரின் வாசலில் அன்று கிளாஸோடு நிற்க யாரும் இல்லை. ரூம் பாய் ஒருவரும் சமையல்காரரும் படியில் வந்து நின்றார்கள். பெண்ணின் அப்பா பாட்டு முடியும்வரை அவனைப் பார்க்காமல் திரையில் ஓடும் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல போறப்ப மூச்சு பத்தல மாப்ள" என்றார் முடிந்ததும். "எங்க கோயில் பாட்டுக்குழுல ஆம்பளக் குரலே இல்ல. ரெண்டு பேரு கீறாங்க, ரெண்டு பேருமே எழுபது தாண்டிட்டாங்க. ஞாயித்துக்கெழம சீக்கிரம் வா."

மேலாளர் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். முன்பு தாக்கல் செய்த பட்டியலில் உள்ளவர்கள் கலைஞர்கள் அல்லர், வாடிக்கையாளர்களே என்றும், அந்தப் பட்டியல் கவனக்குறைவால் தயாரிக்கப்பட்டதென்றும், அதைத் திருப்பித் தருமாறும் எழுதியிருந்தேன். கவனக்குறைவால் என்ற சொல்லைப் பணியில் இருந்தபோது எத்தனையோ பேருடைய விளக்கக் கடிதங்களில் எழுத வைத்திருக்கிறேன். என் பெயருக்கு மேலே எழுதியது அதுதான் முதல் தடவை. காவல் ஆய்வாளர் படித்துவிட்டு, பதினொரு பேரில் நான்கு பேரை இன்னும் விசாரிக்கவில்லை, நல்லவேளை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மேலாளர் அம்மாவும் அந்தக் கோயிலுக்குப் போனோம். இருவருக்குமே எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஒரு நடைமுறையும் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது. பாட்டுக்குழுவில் இரண்டு முதியவர்களுக்கு நடுவே அவன் நின்றிருந்தான்.

ஐயர் இரண்டாவது ஓலையை வாசித்தார். பெயர்கள், தகப்பனார் பெயர்கள், ஊர்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லி, தாளிலிருந்து கண்ணை எடுத்தார். அரசாங்கத்தில் ஆட்சேபணைக்கு முப்பது நாள் கொடுப்போம், ஆட்கள் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு மனுவோடு ஓடிவருவார்கள். இங்கே ஒரு மூச்சு நேரம்தான். எனக்கு அது போதுமான அளவு நீளமாக இருந்தது. நான்காவது வரிசையில் பையனின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் தொண்டையைச் செருமினார்.

முன்வரிசையில் இருந்த பெண்ணின் அப்பா மெதுவாகத் திரும்பினார். பஸ்ஸை எடுக்கும் முன் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்வதுபோல, இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். வீட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தைத் தேடத் தொடங்கினார். ஐயர் தாளை மடித்தார்.